பெயரை மாற்றினால் மரியாதை வருமா?

கடையின் தொலைபேசி அடிக்கிறது. பெண் குரல் கேட்டதும் "முதலாளியைக் கூப்பிடு" என்று அதட்டுகிறவர், அதே பதிலை ஓர் ஆண் சொன்னால் "சரி நானா" என்று ஏற்றுக்கொள்கிறார். வர்த்தகர்கள் பலர் அன்றாடம் காணும் காட்சி இது. பொருளில் குறையா, ஊழியரில் குறையா என்று நாம் தேடுகிறோம். சில வேளைகளில் இரண்டிலும் குறையிருப்பதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள சிறிய நிறுவனமொன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதி வந்தனர். அந்தப் பெண் ஒவ்வொரு வேலைக்கும் அதிக நேரம் எடுப்பதாக முகாமையாளர் குறைப்பட்டுக்கொண்டார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் ஆண் ஊழியரிடம் கடுமையாக நடந்துகொண்டார். சொன்ன எதையும் ஏற்கவில்லை. கவனித்துப் பார்த்தபோதுதான், தவறுதலாகத் தன்னுடன் வேலை செய்யும் பெண்ணின் பெயரில் எழுதிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். தனது பெயருக்கு மாறினார். ஆலோசனை மாறவில்லை, வாடிக்கையாளரோ உடனே நன்றி கூறினார்.

பின்னர் இருவரும் 2 வாரங்களுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வேலை செய்து பார்த்தனர். பெண் பெயரில் எழுதிய ஆணிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்கப்பட்டது. ஆண் பெயரில் எழுதிய பெண்ணின் வேலை விரைவாக முடிந்தது. 2017இல் அவர்கள் இதை வெளியே சொன்னபோது உலகெங்கும் பேசப்பட்டது. ஆக, அந்தப் பெண்ணின் தாமதத்துக்குக் காரணம் அவரது திறமைக் குறைவல்ல. தனது பேச்சை நம்பவைப்பதற்கே அவரது நேரம் செலவாகியிருந்தது.

இது நேற்று வந்த பிரச்சினையல்ல. ஆரம்பத்தில் தொலைபேசி இணைப்பகங்களில் பையன்களே வேலை செய்தனர். அவர்கள் அழைப்பவர்களோடு சண்டை பிடித்தார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். எனவே 1878 செப்டெம்பர் 1ஆம் திகதி பொஸ்டனில் எம்மா நட் என்பவர் முதலாவது பெண் ஒப்பரேட்டராகச் சேர்க்கப்பட்டார். பொறுமையான குரலுக்காகப் பெண்கள் தேடப்பட்டனர். பிறரின் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் அன்றே அவர்களது வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

பெயரை மறைத்தால் தீருமா? 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்திய அழைப்பு நிலையங்கள் பலவற்றில் ஊழியர்களுக்கு மேற்கத்தியப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆனால் உச்சரிப்பு காட்டிக் கொடுத்தது. எங்கள் வேலையைப் பறித்துவிட்டீர்கள் என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஜப்பானின் லோசன், பெமிலிமார்ட் கடைகளும் 2024இல் ஊழியர்கள் பெயர் அட்டையில் முதலெழுத்தையோ புனைபெயரையோ போட அனுமதித்தன. இந்தியாவில் பெயரை மாற்றியது வாடிக்கையாளரின் வசதிக்காக; ஜப்பானில் ஊழியரின் பாதுகாப்புக்காக. ஊழியர்களைத் துன்புறுத்தும் வாடிக்கையாளருக்கு எதிராக டோக்கியோ மாநகரம் கொண்டுவந்த சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் தண்டனை இல்லை. என்றாலும் தவறு யாருடையது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

நாம் செய்யும் ஒரு தவறையும் இங்கு சொல்ல வேண்டும். கடையிலுள்ள பிள்ளை "விலை குறைக்க முடியாது" என்கிறாள். வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார். நாம் தொலைபேசியை வாங்கி, அவள் மறுத்த கழிவை நாமே கொடுத்துவிடுகிறோம். சத்தம் போட்டால் காரியம் நடக்கும் என்று அந்த வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவளது பேச்சுக்கு இனி மதிப்பேது?

முதலாளிமார் மூன்று விடயங்களைச் செய்யலாம். ஒன்று, ஊழியர் சொன்ன பதில் சரியானால் அதே பதிலையே நீங்களும் சொல்லுங்கள். இரண்டு, அழைப்பவர் தூசணம் பேசினால் ஒருமுறை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கும் அனுமதியை ஊழியருக்கு முன்கூட்டியே கொடுங்கள். மூன்று, அழைப்பின் இலக்கத்தையும் நேரத்தையும் கொப்பியொன்றில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வார்த்தையால் செய்யும் பாலியல் தொந்தரவும் நமது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். முறைப்பாடு செய்யும்போது அந்தக் குறிப்பு உதவும்.

வாடிக்கையாளர் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தொழில் பழகிய நல்ல ஊழியர் மனமுடைந்து போனால், அந்த இடத்துக்கு ஒருவரைப் பழக்கி எடுக்க மாதங்கள் பிடிக்கும். எது பெரிய நட்டம் என்பதை வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.