குருதியுள் ஒரு மணிக்கூடு

நேயர்களே, பொரளைச் சந்தியின் பகல் ஆரவாரம் அடங்கிய பின்பும் அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையின் விளக்குகள் அணைவதில்லை. இரவுக் கடமைத் தாதி அங்கே கண் விழித்திருக்கிறார். அவருடைய உடலும் விழித்திருக்கிறதா? இதுவே இன்றைய வினா.

நமது உடல் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. உடல் வெப்பம் மாலையில் ஏறி, விடியலுக்கு முன் தாழ்கிறது. கலத்தின் கருவிலுள்ள சில பரம்பரையலகுகளே இவ்வொழுங்கை நடத்துகின்றன என்று நெடுநாள் கருதப்பட்டது. பழ ஈயில் அவற்றை ஆராய்ந்து விளக்கிய ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயின், முதிர்ந்த செங்குழியத்துக்குக் கருவே இல்லை. அதனுள்ளும் மணிக்கூடு உண்டோ? கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஓநீலும் அகிலேஷ் ரெட்டியும் இதனை ஆராய்ந்தனர். மனிதக் குருதியிலிருந்து செங்குழியங்களைப் பிரித்தெடுத்து, இருளில், 37 பாகை வெப்பத்தில் வைத்து, சில மணிக்கொரு தரம் சோதித்தனர்.

செங்குழியம் ஒட்சிசனைச் சுமப்பது. அதனால் ஐதரசன் பரவொட்சைட்டு என்னும் தீங்கான பொருளும் அதனுள் தோன்றுகிறது. அதனை அழிக்கும் நொதியங்களுள் ஒன்று பெரொக்சிரெடொக்சின். இத்தொழிலில் அந்நொதியமும் ஒட்சியேற்றம் அடைகிறது. மிகையாக ஒட்சியேற்றமடைந்த நொதியத்தின் அளவு, பகலும் இரவும் அறியாத அக்குழியங்களில், 24 மணிக்கொரு முறை ஏறி இறங்கியது. சில நாட்கள் அவ்வாறே தொடர்ந்தது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. அதிபர் இல்லாத பாடசாலையிலும் மணி நேரந்தவறாது ஒலித்ததைப் போன்றதன்றோ!

இதனால் நாம் அறிவது யாது? காலம் நம் சுவரில் மட்டுமன்றி, குருதியின் துளியிலும் ஓடுகிறது. குருதியிலுள்ள கோட்டிசோல் என்னும் ஓமோன் காலையில் மிகுந்து இரவில் குறைகிறது. ஆதலால், குறித்த நேரத்தில் குருதி கொடுக்குமாறு வைத்தியர் சொன்னால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

இரவு உழைப்போரின் நிலையோ இன்னும் கவனிக்கத்தக்கது. கண்ணிற் படும் ஒளியைக் கொண்டு மூளை உடலின் மணிக்கூடுகளைத் திருத்துகிறது. ஓரிரவில் அவை திரும்பிவிடா. உடலின் ஒழுங்கைக் குலைக்கும் முறைமாற்று வேலை புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007ஆம் ஆண்டில் எச்சரித்தது.

நேயர்களே, நம் பிள்ளைகளுக்காக விழித்திருந்தவர் காலையில் வீடு திரும்புகிறார். அவர் உறங்கும் அறையின் திரையை இழுத்து விடுங்கள். இந்த வானொலியையும் சற்றுத் தாழ்த்தி வையுங்கள்.