உயரம் கம்மியா இருந்தா புரொஃபஷனல் வாலிபால் ஆட முடியாதா? கைகொடுக்கும் 'லிபரோ' இடம்!

புதுச்சேரியில் கல்லூரி அணியின் ஸ்டார் ஸ்பைக்கர் ஒருவர். உயரம் 170 செ.மீ. அவர் பிரைம் வாலிபால் லீக் ஏலத்தைக் கனவு காணலாமா?

சிக்கல் எங்கே?

ஆண்கள் வாலிபாலில் வலையின் உயரம் 2.43 மீட்டர். கல்லூரி மேட்ச்சில் நல்ல ஜம்ப் இருந்தா சமாளிச்சிடலாம். லீக்கில் பிளாக் போடுபவர்கள் ரொம்ப உயரம். செட்டராக மாறினாலும், முன்வரிசைக்கு வரும்போது எதிரணி அவர் தலைக்கு மேலேயே அடிக்கும்.

லிபரோ யார்?

வேறு கலர் ஜெர்சியில் பின்வரிசையில் மட்டும் ஆடுபவர். 1998-ல் சர்வதேச வாலிபாலில் அறிமுகமான இடம் இது. இவர் சர்வ் போடக்கூடாது, பிளாக் செய்யக்கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் கூடாது. எதிரணியின் சர்வையும் ஸ்பைக்கையும் எடுத்து செட்டரிடம் தருவதுதான் வேலை.

2024 நேஷன்ஸ் லீக்கில் வெள்ளி வென்ற ஜப்பான் அணியின் லிபரோ டொமோஹிரோ யமமோட்டோ. உயரம் 171 செ.மீ.தான்!

அப்போ ஈஸியா?

இல்லை. களத்தில் ஒரு நேரத்தில் ஒரு லிபரோதான். சர்வதேச விதிப்படி 14 பேர் அணியில் அதிகபட்சம் இரண்டு பேர். போட்டி கடுமை.

என்ன செய்யணும்?

கடைசி வருஷம் வரை ஸ்பைக் அடிச்சிட்டு, ஏலத்துக்கு முன்னாடி 'நான் லிபரோ' என்றால் எடுபடாது. எத்தனை பாயிண்ட் அடிச்சார் என்பது அங்கே கணக்கில்லை. வேகமான ஜம்ப் சர்வை, செட்டர் நகராமலே பிடிக்கிற மாதிரி எத்தனை முறை கொடுத்தார் என்பதுதான் கணக்கு. கைத்தட்டல் குறைவான இந்த வேலைக்கு முதல் வருஷமே மாறினால், கனவுக்கு வாய்ப்பிருக்கு.