தண்ணீருக்கும் கூரியர் கட்டணம்

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்குக் காலை வேளையில் போனால், ஆன்லைன் வியாபார ஆசை யாருக்கும் வந்துவிடும். பலா, அன்னாசி, மலைவாழை, கொய்யா, மிளகு, தேன், ஓர் ஓரத்தில் மயிர் மூடிய முடவாட்டுக்கால் என்று குவிந்து கிடக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் நகரங்கள். நடுவே கையில் ஒரு செல்போனோடு நாம்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு சீப்பு மலைவாழையை அட்டைப்பெட்டியில் வைத்து, இண்டு இடுக்கு விடாமல் டேப் ஒட்டிச் சென்னைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் போட்டோ வந்தது. அதில் இருந்ததைப் பழம் என்று சொல்ல முடியாது.

கூரியர்காரர் மேல் குற்றமில்லை, டேப் ஒட்டியவன் நான். வாழை, பறித்த பிறகும் மூச்சுவிடும். பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். மூடிய பெட்டிக்குள் வாயுவும் சூடும் ஈரமும் சேர்ந்தால் மூன்று நாளே அதிகம்.

அன்றிலிருந்து எந்தச் சரக்கைப் பார்த்தாலும் இதில் தண்ணீர் எவ்வளவு என்றுதான் முதலில் யோசிக்கிறேன். வாழைப்பழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். பலாச்சுளையிலும் அப்படித்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூரியருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கொல்லிமலைத் தண்ணீரைச் சென்னைக்குச் சுமக்கத்தான் போகிறது. பலா என்றால் தோலும் சடையும் வேறு.

தண்ணீரின் அளவைவிட முக்கியமானது, அதில் எவ்வளவு கட்டில்லாமல் இருக்கிறது என்பது. உணவு அறிவியலில் இதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். சுத்தமான நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. 0.6-க்குக் கீழே பூஞ்சை, ஈஸ்ட் எதுவும் வளராது. தேனைப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்கு வரை நீர் இருந்தாலும் கெடுவதில்லை. அந்த நீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, கிருமிக்குப் போதிய அளவு மிஞ்சுவதில்லை. அடை முற்றுமுன் பிழிந்த தேனில் நீர் கூடுதல். அது பாட்டிலுக்குள்ளேயே பொங்கிப் புளித்து, திறக்கும்போது ‘புஸ்’ என்னும்.

தண்ணீரை உதறும் வித்தையில் மிளகு தேர்ந்தது. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடியிலிருந்து தை, மாசியில் சரம் சரமாகப் பறிப்பார்கள். 100 கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் கிடைப்பது சுமார் 33 கிலோ. மீதியை வெயில் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு நாம் வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டாம். பச்சை மணி கருப்பாவதும் வேடிக்கைதான். நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுக்கிறதல்லவா, அதே மாதிரியான நொதி வேலை இங்கேயும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் தோலின் செல்கள் உடைந்து நொதி வேலை துரிதமாகும். அப்படி முக்கியெடுத்த மிளகு ஒரே சீரான கருப்பாக, சீக்கிரமாகவும் காயும்.

வியாபாரிகள் மிளகை லிட்டர் எடை பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு லிட்டர் படியில் கொட்டி எடை போட்டால் 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. உள்ளே பருப்பில்லாத சொத்தை மணி கலந்தால் எடை இறங்கும். கலப்படத்துக்குப் போடும் பப்பாளி விதையும் இலேசு. தண்ணீரில் மிதந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த லிட்டர் கணக்கு கூரியருக்கும் பொருந்தும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது இங்கே பரவலான வழக்கம். அப்படி வரும் கிலோ கணக்கு, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் பில். அப்படியென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்த எந்தச் சரக்கும் காற்றுக்குக் கட்டணம் கட்டுகிறது. 30-க்கு 30-க்கு 20 பெட்டியில் அரைக் கிலோ மூங்கில் கூடையை அனுப்பினால் அது 3.6 கிலோ! கூடை விற்க நினைத்த நண்பர் இந்தக் கணக்கைக் கேட்டதும் டீ ஆறும்வரை பேசவில்லை.

சாமைக்கு வேறு சிக்கல். உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாத தானியம் அது. ஆனால் அந்த உமியை நீக்க உரலில் இடித்து இடித்துப் பெண்களின் தோள் போயிற்று. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குக் கைமேல் காசு கொடுத்தபோது மலை அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க வேலை செய்தபோது விதையோடு அரவை இயந்திரமும் பாக்கெட்டும் விற்பனையும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. உமி போன பிறகோ தவிட்டின் எண்ணெய் காற்றோடும் நொதியோடும் சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டைக்கணக்கில் அரைத்து அடுக்கி வைப்பவர் கை சுடும். ஆர்டர் வர வர அரைப்பதுதான் சரி.

முடவாட்டுக்கால்தான் என்னை மலைக்க வைத்தது. கிழங்கு என்கிறோம், உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் மட்டத்தண்டு. மண் கிடையாது. அதனால் காய்ந்த பழுப்பு இலைகளைக் கூடைபோல் விரித்து, மேலிருந்து விழும் சருகைப் பிடித்து, அதை மக்கவைத்துத் தனக்கென்று மண் செய்துகொள்கிறது. கோடையில் பச்சை இலைகள் உதிரும். பழுப்பு மயிர் போர்த்திய தண்டு உள்ளீரத்தைக் காத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். பாறை வெயிலில் மாதக்கணக்கில் தாங்கியதற்குக் கூரியர் பையில் நான்கு நாள் எம்மாத்திரம்? என் வாழை தோற்ற இடத்தில் இது முளை குன்றாமல் போய்ச் சேர்கிறது.

மூட்டுவலி தீரும் என்று விளம்பரம் போட்டு இதை விற்கிறார்கள். எலிகளில் நடந்த ஆய்வுகளில் வீக்கமும் வலியும் குறைந்தது உண்மை. மனிதருக்கு அது போதாது. நோய் தீரும் என்று உணவுப்பொருளை விளம்பரப்படுத்துவதை 2018-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடுக்கின்றன. சூப் மணக்கும், மிளகு தூக்கலாகப் போட்டால் இன்னும் நன்று. அவ்வளவு எழுதினால் போதும்.

மிளகுக்கொடி அடுத்த வருடமும் காய்க்கும். முடவாட்டுக்காலில் விற்பதே செடியின் உடம்பு. முழுசாகப் பிடுங்கினால் பாறையில் வெறும் தழும்புதான். நுனியோடு ஒரு துண்டை விட்டால் அது மறுபடி தழைக்கும். கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டுப் பலாமரத்தைக் காட்டினார். தேங்காய் நாரில் கட்டிய விரல் நீளத் துண்டொன்றில் புதுக் கூடை இலை விரிந்திருந்தது, அதற்குள் ஏற்கெனவே இரண்டு பலாச் சருகு.