வீட்டு வைஃபைக்கு ஒரு வேலி

நெட் நின்றுவிட்டதா? முதலில் மோடத்தைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் லைனில் கோளாறு; புகார் கொடுப்பதே வழி. இல்லையென்றால் மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

"பராமரிப்புப் பணி நடக்கிறது, இந்த ஆப்பை ஏற்றி ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் ஏமாறாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

மோடத்தோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அதன் செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால், கிளவுட்ஃபிளேரின் இந்த இலவச சேவை ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் பெருமளவு தடுக்கும். ஆனால் பிள்ளைகள் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்த வேலி இருக்காது. எனவே அவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் மறுமையில் விசாரிக்கப்படுவோம்.