எழுபத்து மூன்று!

வானம் பார்த்த பூமி நமது வீரசோழன். சந்தையிலே ஆடு பிடிப்போரைப் பாருங்கள்! ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஆதாயமும் நட்டமும் நாக்கு நுனியிலே! கணக்குக்கு இங்கே பஞ்சமா? இல்லை, கல்லூரிக்குப் போக வழிதான் பஞ்சம்.

வழி பிறந்ததால் வையம் வியக்க வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன்.

எஸ்.எஸ். பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்திலே 1901-இல் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தாய் மறைந்தார். பள்ளி இறுதி வகுப்பிலே தந்தையும் மறைந்தார். படிப்பு அங்கேயே பட்டுப்போயிருக்கும். விடவில்லை ஓர் ஆசிரியர்! சாஸ்திரியார் என்பவர் பொருளுதவி செய்து படிக்க வைத்தார்.

படித்தவர் 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பாடம் சொன்னார்; ஆராய்ச்சியும் செய்தார். என்ன ஆராய்ச்சி? இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64. மூன்றை அப்படிப் பெருக்கினால் 729. 1, 64, 729 என்று வளரும் இவற்றை மட்டுமே கூட்டி, எந்த முழு எண்ணையும் பெற எத்தனை வேண்டும்? 73 போதும் என்று 1940-இல் நிலைநாட்டினார். 703-க்குப் பத்து 64-ம், அறுபத்து மூன்று 1-ம் வேண்டும். ஆகவே 73-க்குக் குறையவும் முடியாது!

1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் அழைத்தது. புறப்பட்டார், ஆகஸ்டு 31-இல் கெய்ரோ அருகே விமானம் வீழ்ந்தது. வயது 49. மாண்டார், அவர் கண்ட விடை மாளவில்லை.

மழையை வரவழைக்க நம்மால் ஆகாது, தோழர்களே! பணமின்றிப் பள்ளியை விட்டு நிற்கும் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க, பத்துப் பேர் கூடினால் ஆகாதா? அன்று ஒருவரே செய்தாரே!