தண்ணீரால் மடியும் கற்றாழை

கண்ணூறு கழிய வேண்டி வீட்டு வாயிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்படும் கற்றாழையைக் காணாதார் நம்மவருள் அரியர். அதன் வேர் மண்ணைத் தொடுவதில்லை. அதற்கு நீர் வார்ப்பாருமில்லை. எனினும் மாதக்கணக்காகப் பச்சை மாறாதிருப்பதோடு, குருத்தை மேல்நோக்கி வளைத்து வளரவும் செய்கின்றது. இத்துணை வன்மையுடைய செடி, அழகிய சாடியில் நட்டு நாடோறும் நீர் வார்த்துப் பேணுவார் கையில் ஒரு மாரி கழியுமுன் அழுகி மடிவது எதனால்?

அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட நிலமே சோற்றுக் கற்றாழையின் தாயகம். ஏனைய செடிகள் பெரும்பாலும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். கற்றாழையோ வெயில் தணிந்த இரவில் அவற்றைத் திறந்து, அவ்வாயுவை அமிலமாக்கிச் சேமித்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவு சமைக்கும். ஆதலின் அது இழக்கும் நீர் மிகச் சிறிது. மடலினுள் இருக்கும் சோறே அதன் நீர்த்தொட்டி. தொட்டி நிறைந்திருக்க மேலும் மேலும் வார்த்தால், ஈரமண்ணில் காற்றின்றி வேர் அழுகுகின்றது.

எனவே, அடியில் துளையுள்ள சாடியும், பாதிக்கு மேல் பருமணல் கலந்த மண்ணும் வேண்டும். விரலை இரண்டு அங்குலம் புதைத்துப் பார்த்து, ஈரம் தோன்றாதபோதே நீர் வார்க்க வேண்டும். அதுவும் மடல்கள் கூடும் நடுக்குருத்தில் தேங்காதபடி. மாரிக்காலத்தில் சாடியை இறவாரத்தின் உட்பக்கம் ஒதுக்கிவிடுவது நன்று. நிழலில் வளர்ந்ததைத் திடீரென வெயிலில் வைத்தால் மடல் செம்மை பாயும், அது நோயன்று. தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் கன்று நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் பிரித்தெடுத்து, வெட்டுவாய் உலரும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடலாம். நட்டவுடன் நீர் வார்க்கும் ஆவலைச் சிறிது அடக்கவேண்டும்!

மடலை அறுத்தவுடன் வடியும் மஞ்சட்பால் சோறன்று. அது கடும் பேதியை உண்டாக்கும். மருத்துவர் குறிப்பின்றி விற்கப்படும் பேதிமருந்துகளில் அதனைச் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2002ஆம் ஆண்டில் விலக்கியது. மடலைச் செங்குத்தாக நிறுத்திப் பாலை முற்றாக வடியவிட்டுக் கழுவிய பின்னரே சோற்றை எடுக்கவேண்டும். கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளாதிருத்தலே தகும்.

வேலியோரங்களில் ஆளுயரம் வளரும் ஆனைக் கற்றாழை இதன் இனமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அச்செடி ஒருமுறை பூத்ததும் பட்டுப்போகும். அதன் சாறு தோலிற் பட்டாலே எரியும். தீப்புண்ணுக்கு மருந்தென்று அதனை அறுத்துப் பூசலாகாது.