மாடித் தாழ்வாரத்தில் மீனும் கீரையும்

பவானியில் பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் வளைந்து வளைந்து வந்து கொடுமுடிக்கு அருகே முடிவடைகிறது. அதன் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் பயிரிடும் குடியானவர்களுக்கு, மீன் வாழ்ந்த ஜலம் பயிருக்கு நல்லது என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குளத்து வண்டலை வண்டியிலேற்றி வயலுக்கு அடிக்கும் வழக்கம் எழுந்ததும் அக்காரணம் பற்றியே. இவ்வுண்மையை ஒரு தொட்டிக்குள் அடக்கி, மண்ணின்றிக் கீரை வளர்க்கும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். நல்ல தண்ணீர் அருமையான வர்ஜின் தீவுகளின் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ராக்கோஸி என்பவர் 1980 முதல் இதனை ஆராய்ந்து விருத்தி செய்தார். ஊரில் மாடி வைத்துக் கட்டியவர்களும், ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ அடுக்குமாடியில் குடியிருக்கும் பிள்ளைகளுடன் தங்குவோரும் இதனைச் சிறு அளவில் செய்து பார்க்கலாம். வருமானத்தை எண்ணிச் செய்வதற்கன்று. வீட்டுக் கீரைக்கு மட்டும் போதும்.

முறை எளிது. ஒரு தொட்டியில் மீன். அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய பாத்தியில் கீரை. சிறு மோட்டார் மணிக்குக் கால்மணி நேரம் ஓடி மீன் தொட்டி நீரைப் பாத்திக்கு ஏற்ற, அது வடிந்து மறுபடியும் தொட்டியில் விழும். இதைக் கண்டவர்கள் அன்றைக்கே ஜல்லியும் மீனும் வாங்கி வந்து விடுகிறார்கள். பத்து நாளில் மீன் செத்து மிதக்கிறது. பழி மீன் விற்றவன் மேல் விழுகிறது. உண்மையில் குற்றம் அவசரத்தினுடையது.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிப்படுத்துகிறது. இது மீனுக்கே நஞ்சு. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு வகை பாக்டீரியா இதனை நைட்ரைட் ஆக்கும். மற்றொரு வகை அதனை நைட்ரேட் ஆக்கும். இந்த நைட்ரேட்தான் கீரைக்கு வேண்டிய தழைச்சத்து. நடுவில் நிற்கும் நைட்ரைட்டும் பொல்லாதது. மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சடைக்கச் செய்யும். 1877-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் ஸ்க்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறக்கிச் சோதித்தனர். முதல் இருபது நாள் அம்மோனியா அப்படியே வெளி வந்தது. அதன் பின்னரே நைட்ரேட் தோன்றியது. குளோரோபார்ம் ஆவி பட்டதும் வேலை நின்று போயிற்று. ஆகவே இதைச் செய்வது உயிர் என்பதும், அவ்வுயிர் பெருகத் தவணை வேண்டுமென்பதும் விளங்கின. மாடித் தாழ்வாரத்து ஜல்லிப் பாத்தி அந்தக் குழாயே அன்றி வேறில்லை.

ஆதலால் முதல் நான்கு முதல் ஆறு வாரம் மீன் விடலாகாது. தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை நீரிலிட்டு அழுக விட்டு, மோட்டாரை ஓட்டி வரவேண்டும். மீன் வளர்ப்புச் சாமான் கடைகளில் விற்கும் சோதனைத் திரவத்தால் பார்த்தால், முதலில் அம்மோனியா ஏறும். பிறகு நைட்ரைட் ஏறும். இரண்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் நிற்கும் நாளே மீன் விடும் நாள். நெடுநாள் ஓடிவரும் தொட்டியிலிருந்து ஒரு கை ஜல்லி கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றியது போல் காரியம் விரைவுபடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்குமாதலால் அதை அகன்ற பாத்திரத்தில் இரண்டொரு நாள் வைத்திருந்து ஊற்றுக. பாத்தியை அந்நீரால் கழுவுவது, வளர்த்த பாக்டீரியாவைக் கொல்வதாகும்.

பாரத்தைப் பற்றிப் பலர் எண்ணுவதே இல்லை. 150 லிட்டர் நீர் 150 கிலோ. அரை சதுர மீட்டர் பரப்பும் எட்டு அங்குல ஆழமுமுள்ள பாத்திக்கு ஜல்லி சுமார் 150 கிலோ பிடிக்கும். சட்டமும் பாத்திரமும் சேர்ந்தால் 350 கிலோ. ஆறு ஆட்கள் இரவும் பகலும் நகராமல் அங்கேயே நிற்பதற்கு ஒப்பு. எனவே தொட்டியைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும்; கைப்பிடி ஓரத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. பழைய கட்டடமாயின் இஞ்ஜினீயரைக் கேட்டே தொடங்குக.

சாயப்பட்டறைகளிலிருந்து மலிவாக வரும் பழைய பீப்பாய்களை விலக்க வேண்டும். அவற்றில் ஊறிய மருந்து எளிதில் போகாது. ஜல்லியில் சுக்கான்கல் கலந்திருந்தால் நீரில் காரம் ஏறும். காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். சிறிது வினிகரை விட்டு, பொங்குகிற கல்லைத் தள்ளி விடுக.

150 லிட்டருக்கு நூறு கிராம் எடையுள்ள மீன் பதினைந்துக்கு மேல் கூடாது. தினம் 20 முதல் 25 கிராம் தீவனம் போட்டால் அரை சதுர மீட்டர் கீரைக்குச் சத்துச் சரியாயிருக்கும். மீன் பெருக்கப் பெருக்கப் பெரியவற்றை எடுத்துவிட வேண்டும். கட்லா, ரோகு முதலியவற்றுக்கு இவ்வளவு நீர் போதாது. ஜிலேபி மீன் நெருக்கத்தைப் பொறுக்கும். ஆனால் அதை வளர்க்க மீன்வள இலாகாவின் அநுமதி பெற வேண்டும். மீன் உண்ணாத வீட்டார் பொன் மீன் வளர்க்கலாம். கீரைக்கு அதனால் குறைவில்லை. மின்சாரம் நின்று மீன் மேலே வந்து வாயைத் திறக்குமானால், தீவனத்தை நிறுத்திவிட்டு, பாட்டரியில் ஓடும் சிறு காற்றுக் கருவியைப் போட வேண்டும்.

அரைக்கீரை, சிறுகீரை, பாலக்கு, புதினா ஆகியவை நன்கு வரும். இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் அது இரும்புச் சத்துக் குறை. தீவனத்தில் இரும்பு போதாமையே காரணம். நீரில் கரையும் சீலேட் இரும்பைச் சிறிது இடுக. பூச்சிக்கு மருந்து அடிக்கலாகாது. நம் பக்கத்தில் வழங்கும் புகையிலைக் கஷாயமும் மீனைக் கொன்றுவிடும். அசுவுணியைக் கையால் துடைத்தெடுப்பதே வழி.

தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் மீனை உணவுக்கு எடுத்துக் கொள்வதோ, வளர்ப்பவருக்குக் கொடுப்பதோ செய்ய வேண்டும். வாய்க்காலிலும் காவிரியிலும் விடலாகாது. 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு ஜிலேபி இனம் அமராவதி நீர்த்தேக்கத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டதை உடுமலைப்பேட்டைப் பக்கத்து மீன்பிடிப்போர் அறிவர். கொடுமுடியில் ஆறு வீட்டு வாசலிலேயே ஓடுகிறபடியால், கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது உசிதம்.